மூளைக்குள் கரண்ட் விடுவதில்லை: அதிர்ச்சி நோய்க்கு நியூரோஃபீட்பேக், ஓர் எளிய விளக்கம்

“ஏந் தம்பி, மண்டைக்குள்ள கரண்டு விட்டுக் கெட்ட நெனப்பையெல்லாம் அழிச்சுருவாகளாமே, நெசமா?”

பக்கத்து வளவு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே கைப்பேசியை நீட்டினார். தலை நிறைய வயர் மாட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கும் விளம்பரம். விபத்து அதிர்ச்சி, பயம், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் நாற்பது அமர்வில் நிரந்தரத் தீர்வாம். ஆச்சியின் மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால் திருச்சி ரோட்டில் நடந்த கார் விபத்தில் தப்பியவன். கால் எலும்பு கூடிவிட்டது. ஆனால் லாரி ஹாரன் கேட்டால் இன்னும் சட்டை நனைந்துபோகிறது. அன்றிலிருந்து அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

நான் டாக்டர் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மூளை அலைகளைப் பதிவு செய்கிற டெக்னீஷியன். ஆச்சி கேட்டதையே வேறு வேறு வார்த்தைகளில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலருக்கு இது ஷாக் ட்ரீட்மென்ட், சிலருக்கு மனோவசியம். மனதில் ஓடுவதை மெஷின் படித்துவிடுமோ என்று பயந்து, பக்கத்தில் மனைவியை உட்கார வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன். இந்த விளம்பரம் சொல்லும் நியூரோஃபீட்பேக் அந்த மூன்றும் இல்லை. அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

பயம் வேறு, பி.டி.எஸ்.டி. வேறு

கணக்குப் பரீட்சையை நினைத்தாலே தனக்கு பி.டி.எஸ்.டி. என்று காலேஜ் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். பேச்சுக்குச் சரி. மருத்துவத்தில் அந்தப் பெயருக்கு வரம்பு உண்டு. உயிர் போகும்படியான ஆபத்தையோ, பெரிய காயத்தையோ, பாலியல் வன்முறையையோ அனுபவித்த அல்லது நேரில் பார்த்த ஒருவருக்கு, ஒரு மாதம் தாண்டியும் விடாமல் அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிற நிலைதான் பி.டி.எஸ்.டி. தமிழில் ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். சம்பவம் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப நடக்கும். அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றிலிருந்தும் மனுஷர் ஒதுங்குவார். மனசு இருண்டுபோகும், யார் மேலும் ஒட்டாது. உடம்பு எப்போதும் விறைப்பாகவே இருக்கும், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போடும்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைமையை வைத்துப் பல வருடம் வாதாடிய பிறகு, 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது. நோய் அதற்கு முன்னாலேயே இருந்தது. பெயர்தான் இல்லை.

என் ஐயா (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பதினாறு வயதில் பெட்டியடிப் பையனாக (வட்டிக்கடை எடுபிடியாக) ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அதற்கப்புறம் பர்மாவை விட்டு நடந்தே கிளம்பிய லட்சக்கணக்கான இந்தியர்களில் அவரும் ஒருவர். வழியில் கண்டதைப் பற்றி வாயே திறந்ததில்லை. தீபாவளிக்குத் தெருவில் வெடிச் சத்தம் ஆரம்பித்ததும் இரண்டாம் கட்டுக்குப் போய், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். காலில் செருப்பு இருக்கும். வாசல்படி தாண்டிச் செருப்பு வரக் கூடாத வீடு அது. அந்த ஒரு நாள் மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர் ‘பர்மா சுபாவம்’. அவருக்கு இருந்தது இந்த நோய்தானா என்று இத்தனை வருடம் கழித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பி.டி.எஸ்.டி. என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு அந்தச் செருப்புதான் கண்ணுக்கு வரும்.

விசிலை நிறுத்தாத காவல்காரர்

உள்ளே என்ன கெட்டுப்போகிறது? நம் ஊரில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி சென்னையில் இருக்கிறார். பின்கட்டில் ஒரு காவல்காரர், முன்கட்டில் ஒரு கணக்கப்பிள்ளை. ராத்திரி ஏதாவது சத்தம் வந்தால் காவல்காரர் விசில் ஊதுவார். கணக்கப்பிள்ளை லைட்டைப் போட்டுப் பார்த்து, “பூனைய்யா, படு” என்பார். விசில் நிற்கும்.

ஒரு நாள் நிஜமாகவே திருடன் வந்து காவல்காரரை அடித்துப் போட்டுவிட்டுப் போகிறான். அன்றிலிருந்து தேக்கு உத்தரம் முறுக்குவிட்டாலும் விசில். இலை விழுந்தாலும் விசில். “பூனைய்யா” என்ற குரல் அவர் காதில் ஏறுவதே இல்லை. இதற்கு நடுவில் கணக்குப் புத்தகத்தில் தேதி வேறு குழம்பிப்போகிறது. திருடன் வந்தது போன வருஷமா, இப்போதா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

காவல்காரர்தான் அமிக்டலா. மூளையின் ஆழத்தில், இரு பக்கமும் பாதாம் பருப்பளவில் இருக்கிற, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி. கணக்கப்பிள்ளை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி. தேதி போடும் புத்தகம் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடம் முதலாவது மிகையாகவும் இரண்டாவது தளர்ந்தும் வேலை செய்வதாக ஸ்கேன் ஆய்வுகள் பலவற்றில் தெரிந்திருக்கிறது. மூளை இவ்வளவு நேராகப் பங்கு பிரித்து வேலை செய்வதில்லை என்பதும் உண்மை. இந்தக் கட்டுரைக்கு இது போதும்.

இதுவரை: பி.டி.எஸ்.டி. மனத்திடம் இல்லாததால் வருவதல்ல. எச்சரிக்கை மணி ஒரு தடவை நியாயமாக அடித்துவிட்டு, அப்புறம் அணைய மறுக்கிற நிலை.

கல்யாண வீட்டுக்கு வெளியே நின்று கேட்பது

இனி என் தொழிலுக்கு வருகிறேன். மூளையில் இருக்கும் நரம்பு செல்களுக்கு நியூரான் என்று பெயர். அவை ஒன்றோடொன்று மின்சாரத்தாலும் ரசாயனத்தாலும் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சில் கசியும் மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்து பதிவு செய்வதுதான் ஈ.ஈ.ஜி. தலைத்தோலில் ஒட்டும் சின்ன உலோக வில்லைகளுக்கு மின்வாய் என்று பெயர். மின்வேதியியலுக்கென்றே ஆய்வு நிலையம் வைத்திருக்கும் ஊர் எங்கள் காரைக்குடி. அதனால் இங்கே பள்ளிக்கூடப் பையன்களுக்கும் அந்த வார்த்தை பழக்கம்.

மின்வாய் வழியாக உள்ளே ஒன்றும் போவதில்லை, வெளியே மட்டும்தான் வருகிறது. அதுவும் எவ்வளவு? டார்ச் லைட் பேட்டரி 1.5 வோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோவோல்ட். தலைத்தோலுக்கு வந்து சேர்வது சில பத்து மைக்ரோவோல்ட்தான். நோயாளி பல்லைக் கடித்தால் போதும், தாடைத் தசையின் மின்சாரம் அத்தனையையும் மூடிவிடும். இதனால்தான் நாங்கள் “வாயைத் தளர விடுங்க” என்று நூறு தடவை சொல்கிறோம்.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டுக்கு வெளியே, தெருவில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசிய தடித்த சுவர். உள்ளே யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. ஆனால் பந்தி நடக்கும்போது ஒரு விதச் சத்தம் வரும். ஆளுக்கொரு பேச்சு, ஒன்றை ஒன்று அமுக்கி, கடைசியில் ஒரு மெல்லிய இரைச்சல். கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் சேர்ந்து ஒரே தாளத்தில் கை தட்டினால் அது தெருமுனை வரை கேட்கும். மூளையும் இப்படித்தான். ஒவ்வொரு நியூரானும் தன் தன் வேலையில் மும்முரமாக இருந்தால் ஈ.ஈ.ஜி.யில் சின்னச் சின்ன, வேகமான நெளிவுகள். பெரிய கூட்டம் ஒரே தாளத்தில் இயங்கினால் பெரிய, நிதானமான அலை.

மனதைப் படிக்கும் பயம் இங்கேயே தீர்ந்துவிட வேண்டும். தெருவில் நிற்கிறவனுக்குத் தாளம் தெரியும், வார்த்தை தெரியாது.

“கண்ணை மூடுங்க”

புதிதாக வரும் பயிற்சி மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். நோயாளியிடம் “கண்ணை மூடுங்க” என்கிறேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு பின்தலைக் கோடுகள் இரண்டும் மெல்ல எழும்பி, சீப்புப் பல் மாதிரி ஒரே சீராக ஓட ஆரம்பிக்கும். எண்ணிப் பார்த்தால் நொடிக்கு ஒன்பது, பத்து. “கண்ணைத் திறங்க.” கோடு படுத்துவிடும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாயிற்று, இன்றைக்கும் அந்த எழும்பல் வரும்போது ஒரு கணம் கை நின்றுவிடுகிறது.

நொடிக்கு 8 முதல் 12 வரை வரும் இந்த அலைக்கு ஆல்ஃபா என்று பெயர். ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ல் மனித மூளையிலிருந்து முதல் ஈ.ஈ.ஜி.யை எடுத்தார். வெளியில் சொல்லப் பயந்து ஐந்து வருடம் கையில் வைத்திருந்து, 1929ல்தான் அச்சிட்டார். ஆல்ஃபாவைவிட மெதுவான அலைக்குத் தீட்டா என்றும், வேகமானதற்கு பீட்டா என்றும் பெயர். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது தீட்டா கூடும். மும்முரமான விழிப்பில் பீட்டா மேலோங்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஆல்ஃபா என்றால் நிம்மதி, பீட்டா என்றால் டென்ஷன் என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். அது ராசிபலன் எழுதுவது மாதிரி. ஒரே அலைக்கு மூளையின் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அர்த்தம். அது ஆளுக்கு ஆளும் மாறும்.

இதுவரை: ஈ.ஈ.ஜி. என்பது கேட்பது மட்டுமே. கேட்பது தாளத்தை, எண்ணத்தை அல்ல.

வெள்ளைப் பணியாரம் ஊற்றக் கற்பது

சரி, தாளத்தைக் கேட்டால் நோய் எப்படிக் குறையும்? இதற்கு அடுப்படிக்குப் போக வேண்டும்.

வெள்ளைப் பணியாரத்துக்கு மாவுப் பதம் என்ன என்று என் அம்மாவிடம் கேட்டால் “ஊத்திப் பாரு, தெரியும்” என்பார். கரண்டியால் எண்ணெயில் ஒன்று ஊற்றுகிறோம். பதம் சரியாக இருந்தால் உப்பி, ஓரம் சுருங்கி மேலே வரும். தப்பாக இருந்தால் தட்டையாக எண்ணெய் குடித்துக் கிடக்கும். ஒரு சொட்டுப் பால் விட்டு மறுபடி ஊற்றுகிறோம். இருபதாவது பணியாரத்தில் கை பழகிவிடுகிறது. என்ன பழகியது என்று கேட்டால் நம்மாலும் சொல்ல முடியாது. ஊற்றிய பணியாரம் உப்பியதா இல்லையா என்பதை அடுத்த வாரம் தபாலில் தெரிவித்தால் யாராவது கற்றுக்கொள்வார்களா? பலன் உடனே கண்ணுக்குத் தெரிவதுதான் இங்கே வாத்தியார்.

நம் மூளை அலை நமக்குத் தெரியாது, அதை உணரும் புலனும் நமக்கு இல்லை. அதைப் பதிவு செய்து, அந்த நொடியிலேயே படமாகவோ ஒலியாகவோ நம்மிடமே திருப்பிக் காட்டி, வேண்டிய பக்கம் நகரும்போது ஒரு சின்னப் பரிசு கொடுத்துப் பழக்குவதுதான் நியூரோஃபீட்பேக்.

1960களில் அமெரிக்காவில் ஜோ கமியா என்பவர், தன்னிடம் இப்போது ஆல்ஃபா ஓடுகிறதா இல்லையா என்று ஆட்களே சொல்லப் பழகலாம் என்று காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் பேரி ஸ்டெர்மன் பூனைகளுக்கு ஒரு குறிப்பிட்ட அலையைக் கூட்டப் பழக்கினார். அலை வந்தால் நாக்கில் ருசியாக ஏதாவது கிடைக்கும். பிறகு வேறொரு ஆய்வுக்காக, வலிப்பு உண்டாக்கும் ராக்கெட் எரிபொருளை பழக்கிய, பழக்காத இரு வகைப் பூனைகளுக்கும் கொடுத்துப் பார்த்தபோது, பழக்கிய பூனைகளுக்கு வலிப்பு சுலபத்தில் வரவில்லை. பூனைக்கு டாக்டர் மேல் நம்பிக்கை கிடையாது என்பதால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

அந்த அறையில் நடப்பது

நாற்காலி, கணினி, தலையில் இரண்டு மூன்று மின்வாய்கள். ஒட்டும் இடத்தைக் கரகரப்பான களிம்பால் லேசாகத் தேய்த்து, பசை வைப்பார்கள். திரையில் ஒரு படமோ விளையாட்டோ ஓடும். உங்கள் அலை குறித்த அளவை எட்டினால் படம் வெளிச்சமாகும், கார் நகரும், மணி அடிக்கும். தவறினால் மங்கும். முயற்சி செய்து நகர்த்தப் பார்த்தால் பெரும்பாலும் நகராது. சும்மா இருக்கும்போது நகரும். எப்படி என்று பலரால் சொல்ல முடிவதில்லை. ஒரு அமர்வு அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம். வாரம் ஒன்றோ இரண்டோ என்று மொத்தம் இருபது முதல் நாற்பது அமர்வுகள்.

பி.டி.எஸ்.டி.யில் ஒரு சிக்கல் உண்டு. காவல்காரர் இருப்பது பின்கட்டில், அமிக்டலா ஆழத்தில். தெருவில் நிற்கிற ஈ.ஈ.ஜி.க்கு அவருடைய விசில் நேராகக் கேட்காது. அதனால் பெரும்பாலான முறைகள் முன்கட்டுத் தாளத்தைச் சீராக்கினால் பின்கட்டும் அடங்கும் என்ற எதிர்பார்ப்பில் வேலை செய்கின்றன. இன்னொரு யுக்தியும் இருக்கிறது. விசில் சத்தம் கேட்காவிட்டாலும், விசில் ஊதும்போதெல்லாம் தெருநாய்கள் எப்படிக் குரைக்கின்றன என்று முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொண்டால், நாய்ச் சத்தத்தை வைத்தே விசிலை ஊகிக்கலாம் அல்லவா? ஆழத்தையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் ஈ.ஈ.ஜி.யையும் ஒரே நேரத்தில் எடுத்து, அமிக்டலாவின் சாயலை ஈ.ஈ.ஜி.யில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த வழியில் உருவான பிரிசம் என்ற கருவியை, மற்ற சிகிச்சையோடு துணையாகப் பயன்படுத்த 2023ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. அதன் திரையில் வருவது ஓர் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறை. கவுன்ட்டரில் கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். பார்ப்பவரின் அமிக்டலாச் சாயல் அடங்க அடங்க, ஒவ்வொருவராகப் போய் உட்காருவார்கள். யாரோ எங்கள் ஆஸ்பத்திரிக்குத் திங்கள்கிழமை காலை வந்து போயிருக்கிறார்கள்.

இதுவரை: அலையைக் கேட்டு, உடனே திருப்பிக் காட்டி, பரிசால் பழக்குவது. மூளைக்குள் எதுவும் செலுத்தப்படுவதில்லை, நினைவு எதுவும் அழிக்கப்படுவதும் இல்லை.

பலன் உண்டா?

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

1991ல் பெனிஸ்டன், குல்கோஸ்கி என்ற இருவர் வியட்நாம் முன்னாள் சிப்பாய்களுக்கு ஆல்ஃபா–தீட்டா முறையைக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். அது சின்ன ஆய்வு. 2016ல் அமெரிக்க மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க் குழு, வேறு சிகிச்சைகளுக்கு அசைந்து கொடுக்காத பழைய பி.டி.எஸ்.டி. உள்ள 52 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு 24 அமர்வுகள், இன்னொன்று காத்திருப்போர் பட்டியல். முடிவில், பயிற்சி பெற்றவர்களில் 27.3 சதவீதம் பேருக்குத்தான் நோய் வரையறைக்குள் நீடித்தது. காத்திருந்தவர்களில் அது 68.2 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான்.

ஆனால் யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். காத்திருந்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களோ பன்னிரண்டு வாரம் வீட்டைவிட்டுக் கிளம்பி வந்து, அக்கறையாகப் பேசுகிற ஒருவரிடம் தலையைக் கொடுத்து, அமைதியாக உட்கார்ந்து, ‘நமக்கு ஏதோ நடக்கிறது’ என்ற நம்பிக்கையோடு திரும்பியவர்கள். இதில் எது குணமாக்கியது? அலையா, நாற்காலியா, பேச்சா?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி போலிப் பயிற்சி. வயர், திரை, பரிசு எல்லாம் அப்படியே இருக்கும், திரையில் ஓடுவது மட்டும் வேறு யாருடைய அலையோ. கவனச் சிதறல் உள்ள 142 குழந்தைகளிடம் இப்படிச் செய்து 2021ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நிஜப் பயிற்சியும் போலிப் பயிற்சியும் ஒரே அளவு முன்னேற்றம் தந்தன. அது வேறு நோய். ஆனால் இங்கேயும் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய சேதி. பி.டி.எஸ்.டி.யில் கனடாவின் ரூத் லேனியஸ் குழு போலிப் பயிற்சியோடு ஒப்பிட்டு, நிஜப் பயிற்சிக்குக் கூடுதல் பலன் கண்டிருக்கிறது. அதுவும் சிறிய எண்ணிக்கைதான். அதில் எனக்குச் சுவாரசியமானது வேறு. பெனிஸ்டன் முறையில் ஆல்ஃபாவைக் கூட்டச் சொல்கிறார்கள், லேனியஸ் முறையில் குறைக்கச் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கும் பலன். குறைத்த பிறகு அது தானே துள்ளி எழுகிறது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள், இருக்கலாம். ஆனாலும் உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் குழம்பு ருசிக்கிறது என்றால், ருசி உப்பில்தானா என்று சமையற்காரர் யோசிக்கத்தானே வேண்டும்?

என் கருத்து இதுதான்: இது ஏமாற்று வேலை அல்ல, நிரூபணமான முதல் சிகிச்சையும் அல்ல. பி.டி.எஸ்.டி.க்கு ஆதாரம் உறுதியாக இருப்பது, பயிற்சி பெற்ற உளவியலாளரோடு அந்தச் சம்பவத்தையே கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் பேச்சு சிகிச்சைகளுக்கும், கண்ணசைவோடு சேர்த்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். முறைக்கும்தான். செர்ட்ரலின் போன்ற சில மாத்திரைகளும் உதவுகின்றன. நியூரோஃபீட்பேக் அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கலாம், அவற்றைத் தள்ளிவிட்டு உட்காரக் கூடாது. பக்கவிளைவு பெரும்பாலும் களைப்பு, தலைவலி அளவோடு போய்விடும். ஆனால் கண்ணை மூடி ஆழ்ந்து உட்காரும் முறைகளில் பழைய காட்சிகள் திடீரென்று மேலே வரலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவர் மனநலம் படித்தவர், மெஷின் ஓட்டத் தெரிந்தவர் மட்டும் அல்ல. இதை மெஷின் ஓட்டுகிற நானே சொல்கிறேன்.

ஆச்சியிடம் சொன்னது

“ஆச்சி, நாற்பது அமர்வுக்கும் இப்பவே பணம் கட்டச் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க” என்றேன் முதலில். மகனை முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டி, இது பி.டி.எஸ்.டி.தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு. போக அவன் தயங்கினால் 14416க்குப் போன் செய்யலாம். டெலிமானஸ் என்ற அரசுச் சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். நியூரோஃபீட்பேக் செய்கிற இடத்தில் கேட்க வேண்டியதையும் சொன்னேன்: உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்தவரா, பேச்சு சிகிச்சையும் சேர்ந்து நடக்குமா, பத்து அமர்வுக்குப் பிறகு முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பார்கள். “நிரந்தரத் தீர்வு” என்று மறுபடி சொன்னால், அது விளம்பரத்தில் பார்த்ததுதான் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப கரண்டு இல்லையில்ல?” என்றார்.

“இல்லை ஆச்சி. ஆனா எங்க போனாலும், முதல் நாளே தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிச்சுட்டுப் போகச் சொல்லுங்க. எண்ணெய் மட்டும் வேண்டாம். ஒட்டவே ஒட்டாது.”